நாடாக்காரன்

படம் எடுக்க அனுமதி கேட்டு வந்தவர்களைப் பெரியவள் இதுவரை ஒன்பது தடவை திருப்பி அனுப்பியிருக்கிறாள். இந்தக் கணக்கு சின்னவளுடையது. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தது அவள்தானே. முதலில் வந்தவர் நீளமான காரில் வந்தார், ஒன்பதாவது ஆள் பஸ்ஸைப் பிடித்து வேர்க்க விறுவிறுக்க வந்தார். எல்லோருக்கும் கிடைத்தது ஒரே பதில்தான்.

"புத்தகம் புத்தகமாவே இருந்துட்டுப் போகட்டும். டீ ஆறுது, குடிங்க."

அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்க முடியாது. அக்காவும் தங்கையும் மட்டும் இருக்கிற அந்த இரண்டு அறை வீட்டில், வந்தவர்கள் சுவரையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். மறுவாரம் ஏதாவது ஒரு பத்திரிகையில், எழுத்தை விற்காத எழுத்தாளர் என்று பெரியவளைத் தூக்கி வைத்து எழுதுவார்கள். அவள் அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பேப்பரை அலமாரித் தட்டில் விரிக்கச் சொல்லிவிடுவாள்.

பெரியவள் எழுதியது ஒரே ஒரு புத்தகம். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற லாண்டரியில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள், அந்த லாண்டரியைப் பற்றியே எழுதினாள். தங்கையும் அதே லாண்டரியில்தான். இரண்டு பேர் பெயரும் அங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை, பெரியவள், சின்னவள், அவ்வளவுதான். புத்தகம் எங்கெங்கோ போய், பாடப்புத்தகம் வரைக்கும் ஏறிவிட்டது. அதில் எல்லோருக்கும் மறக்காத இடம் ஒன்று உண்டு. இஸ்திரி உருளையில் ஒரு பெண்ணின் விரல்கள் போகிற இடம்.

நடந்த கதைதான் அது. ஈரப் படுக்கைவிரிப்பை இரண்டு பெண்கள் ஆளுக்கொரு முனையாகப் பிடித்துச் சுடுகிற உருளைக்குள் விடவேண்டும். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி. கை தவறிப் போனால் கம்பி மேலே தூக்கும், மிஷின் சட்டென்று நின்றுவிடும். கைக்குப் பதிலாக மடிப்புவிழுந்த துணி இடித்தாலும் நிற்கும். ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு விரிப்பு தள்ளவேண்டிய இடத்தில், நிமிஷத்துக்கு ஒரு தரம் மிஷின் நின்றால் யாருக்குப் பொறுக்கும்? தலையணை உறையிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்து, கம்பி தூக்காதபடி அடியில் இருக்கிற கொக்கியோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். கட்டக்கூடாது என்பது சட்டம். கட்டுவது வழக்கம். அப்படிக் கட்டியிருந்த ஒரு நாளில், ஊசி என்று எல்லோரும் கூப்பிட்ட ஒல்லிப் பெண்ணின் வலது கையில் நான்கு விரல்கள் போயின.

புத்தகத்தில் அந்த நாடாவைக் கட்டுவது மேஸ்திரி. வேகம் வேகம் என்று கத்திக்கொண்டே தன் கையால் இழுத்துக் கட்டுகிறான். பெரியவள் அன்று கொதிகலன் பக்கம் வேலையில் இருந்தாள், பிறகு பெண்கள் பேசிக்கொண்டதை நம்பி எழுதினாள். புத்தகம் வந்த பிறகு அந்த மேஸ்திரிக்கு நாடாக்காரன் என்றே பெயர் விழுந்தது. கடைக்குப் போனால் நாடாக்காரன். பஸ்ஸில் ஏறினால் நாடாக்காரன். அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, நாடாக்காரன் மகளா என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு அதைக் கட்டியது சின்னவள்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தாள். சொல்லவில்லை. பெரியவளின் கிறுக்கல் கையெழுத்து அச்சாபீசில் யாருக்கும் புரியாது என்பதால், புத்தகம் முழுவதையும் உட்கார்ந்து நகல் எடுத்தவளும் அவள்தான். மேஸ்திரி நாடாவை இழுத்துக் கட்டினான் என்கிற வரியைத் தன் கையாலேயே எழுதி, முற்றுப்புள்ளியும் வைத்தாள். அதன் பிறகு வாயைத் திறக்க நேரமே வரவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இருபத்து நான்கு வருஷம் ஓட்டிவிட்டாள். ஒவ்வொரு படக்காரரும் டீயைக் குடித்துவிட்டு வெறுங்கையோடு போகும்போது, அவளுக்கு ஒரு வாரம் நன்றாகத் தூக்கம் வரும்.

பத்தாவதாக வந்தது ஒரு பெண். முப்பது வயது இருக்கும், காலில் ரப்பர் செருப்பு, தோளில் கனமான பை. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க புத்தகத்த நான் தொடவே மாட்டேன்மா. புத்தகத்தப் படமாக்க விடாத உங்களப் பத்தி ஒரு படம் எடுக்கறேன். உங்க வாழ்க்கை, நீங்க வேலை பாத்த லாண்டரி. நீங்க வேணாம்னு சொன்ன கதை."

பெரியவள் சிரித்தாள். அவள் சிரித்தே நாளாகியிருந்தது. "கெட்டிக்காரிதான் நீ," என்றாள். பிறகு, "சரி, எடுத்துக்கோ," என்றாள்.

சின்னவளின் கையில் இருந்த தட்டு ஆடி, ஒரு கப் சாய்ந்தது. ஒன்பது பேருக்கு மூடின கதவு பத்தாவது ஆளுக்கு ஏன் திறந்தது என்று அவளுக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயம். கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி வருமே.

*

ஒரு மாதம் கழித்து அந்த டைரக்டர் பெண் மறுபடியும் வந்தாள். மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறைக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து லாண்டரியாக மாற்றியிருக்கிறார்களாம். பழைய இரும்புக் கடையில் நிஜ உருளை மிஷினே கிடைத்துவிட்டதாம்.

"சூடு கிடையாதும்மா, சுத்த மட்டும் செய்யும். நடிக்கற பொண்ணுங்களுக்கு எப்படிப் பிடிக்கணும், எப்படி நிக்கணும்னு ஒண்ணும் தெரியல. நீங்க ரெண்டு நாள் வந்து காட்டிக் குடுத்தா போதும்," என்று சின்னவளைப் பார்த்துக் கேட்டாள்.

"அவ வேணாம்," என்றாள் பெரியவள், பட்டென்று. "அவளுக்கு முட்டி வலி. நின்னா காலு வீங்கும்."

"எனக்கு ஒரு முட்டி வலியும் இல்ல," என்றாள் சின்னவள்.

"இருக்கு. உனக்கே தெரியல."

டைரக்டர் பெண் போன பிறகும் பெரியவள் விடவில்லை. கண்பார்வை மங்கிய பிறகு அவள் மேஜையை விரலால் தட்டித் தட்டித்தான் பேசுவாள். "போகாத. அங்க உனக்கு என்ன வேலை? வீட்ல இரு. எனக்குக் கண்ணு தெரியல, யாரு பாத்துப்பா?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்லிட்டுப் போறேன்."

"சொன்னாக் கேளு."

தங்கைக்கு நாலு பேர் முன்னால் ஒரு மதிப்பு வருவது பொறுக்கவில்லையோ என்றுகூடச் சின்னவளுக்குத் தோன்றியது. ஆனால் அவள் போக நினைத்தது மதிப்புக்காக இல்லை. ஊசியின் கை போன அந்த நாள் படத்தில் இருக்கிறதா, இருந்தால் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் அவளால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. பல்வலிக்காரன் நாக்கு பல்லையே தேடுகிற மாதிரி, மனசு அங்கேயே போய்ப் போய் நின்றது.

*

கொட்டகைக்குள் நுழைந்ததுமே பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. அசலாகவே அடித்திருந்தார்கள். தள்ளுவண்டிகளில் அழுக்குத் துணி, கயிற்றில் ஏப்ரன்கள், சுவரில் ஷிப்டு பலகை. நடுவில் அந்த உருளை. முன்னங்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்புகளைச் சின்னவள் தன்னையறியாமல் தடவிக்கொண்டாள்.

மிஷினுக்கு அந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டீ கிளாஸோடு ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். முடியெல்லாம் போய், தோள் சுருங்கி இருந்தது. ஆனால் காலை நீட்டி, குதிகாலைத் தரையில் தட்டிக்கொண்டு உட்கார்ந்த விதத்தில் அவளுக்கு ஆள் தெரிந்துவிட்டது.

"என்ன சின்னவளே, கிழவி ஆயிட்ட?" என்றார் மேஸ்திரி.

"நீங்க... எப்ப வந்தீங்க, மேஸ்திரி?"

"முந்தாநாளே வந்துட்டேன். வீடு தேடி வந்து கூப்பிட்டாங்க. கார்ல அழைச்சிட்டு வராங்க, கார்ல கொண்டுபோய் விடறாங்க. டீ வேற. வேலை செஞ்சப்போ இந்த மரியாதை எங்க இருந்துச்சு?"

"எதுக்குக் கூப்பிட்டாங்க?"

"என்னைய நானே பாத்துட்டுப் போறதுக்குத்தான். இத்தன வருஷமா மத்தவங்கதானே பாத்தாங்க." அவர் தாடையால் ஒரு பக்கம் காட்டினார். பெரிய வயிறும் முரட்டு மீசையுமாக ஒரு நடிகர் கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். "அதோ, அதான் நான். எனக்கு எந்தக் காலத்துல மீசை இருந்துச்சு? கேட்டேன். கெட்டவன்னா மீசை வேணுமாம் ஐயான்னு சொல்லுது அந்த மேக்கப் பொண்ணு."

சின்னவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "நீங்க ஒண்ணும் சொல்லலையா அவங்ககிட்ட?"

"எதைப் பத்தி?"

அவள் கயிற்றில் தொங்கிய ஏப்ரன்கள் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் டீயைக் குடித்தார்.

டைரக்டர் பெண் கூப்பிட்டாள். இரண்டு இளம் நடிகைகள் ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி பெரியவளாக நடிப்பவள். தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு விரிப்பைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

"ஐயையோ, இவ்ளோ ஈரம் ஆகாது," என்றாள் சின்னவள். "பிழியற மிஷின்லேருந்து வந்தா இப்படிச் சொட்டாது. முறுக்கிப் பிழிங்க. ம், இன்னும். மூலையத் தேடு. கட்டை விரல் மேல, மத்த நாலும் அடியில. உதறு. அப்படி இல்லம்மா, சத்தம் வரணும், அப்பத்தான் மடிப்பு போகும்."

பட்டென்று அவள் உதறிய உதறலில் கொட்டகையே திரும்பிப் பார்த்தது. கேமராக்காரர் கருவியைத் தோளில் தூக்கிக்கொண்டார். முப்பது வருஷம் செய்த வேலை. உடம்புக்குள் ஏதோ திறந்துகொண்டது. கால்கள் தாமாக அகன்று நின்றன, முதுகு நேரானது, பயம் எங்கோ போயிருந்தது. ஏப்ரன் வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள். ரவிக்கைக் கைகளைச் சுருட்டிவிட்டுக்கொண்டாள். மிஷினை ஓட்டச் சொன்னாள். உருளை மெல்ல முனகிச் சுற்ற ஆரம்பித்தது.

பிறகு, வண்டியில் கிடந்த தலையணை உறை ஒன்றை எடுத்து, அதன் நாடாவைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். குனிந்து தடுப்புக் கம்பியோடு கொக்கியைச் சேர்த்து இரண்டு சுற்று சுற்றி, இடது கையால் இழுத்து முடிச்சுப் போட்டாள். நிமிர்ந்து விரிப்பின் மூலையைப் பிடித்துக்கொண்டு, "ம், விடு," என்றாள்.

யாரும் அசையவில்லை. எதிரே நின்ற நடிகை வாயைப் பிளந்துகொண்டு கம்பியையே பார்த்தாள். அப்போதுதான் சின்னவளும் குனிந்து பார்த்தாள். வெள்ளை நாடா, கம்பியில் இறுகிக் கிடந்தது.

அவள் மேஸ்திரியைப் பார்த்தாள். அவர் எழுந்து, இரண்டடி முன்னால் வந்து, முடிச்சைக் கூர்ந்து பார்த்தார்.

"இன்னும் ரெண்டு சுத்துதான் போடறியா?" என்றார் மெதுவாக. திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மற்றவர்களுக்கு அது பழைய ஆட்களின் கிண்டல். சிரித்தார்கள். டைரக்டர் பெண்ணுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அம்மா! இதுதானா அந்த நாடா? எப்படிக் கட்டுவாங்கன்னு ஊரெல்லாம் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியல. பத்து செகண்டுல என்ன அழகா கட்டிட்டீங்க!" மீசைக்கார நடிகரைப் பக்கத்தில் இழுத்தாள். "சார், பாத்தீங்களா? நாளைக்கு அந்த ஆக்ஸிடென்ட் சீன்ல நீங்க இதே மாதிரி கட்டணும். இதே முடிச்சு. அம்மா உங்களுக்குக் கத்துக் குடுப்பாங்க. குடுப்பீங்கல்லமா?"

நடிகர் பணிவாகச் சிரித்தார். நல்ல மனிதர்.

"எனக்கு வயித்தக் கலக்குது," என்றாள் சின்னவள். "நான் வீட்டுக்குப் போறேன்."

*

வீட்டில் பெரியவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து, தடவித் தடவி அவித்த முட்டை உரித்துக்கொண்டிருந்தாள். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகப் பாத்திரங்கள் மேல் விழுந்திருந்தது. சின்னவள் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே அக்காவுக்கு ஏதோ தெரிந்துவிட்டது.

"யாரு யாரு வந்திருந்தாங்க?"

"மேஸ்திரி வந்திருந்தாரு."

"தெரியும். அட்ரஸ் குடுத்ததே நான்தான். அவரைக் கேக்காம அவரைக் காட்டக்கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட கறாராச் சொல்லித்தான் அனுப்பினேன்." முட்டையில் ஒட்டிய ஓட்டை நகத்தால் எடுத்தாள். "அவர் வாயால ஏதாவது வந்தா வரட்டும், நீ அங்க இருக்க வேணாம்னு நெனச்சேன். கேட்டியா நீ?"

சின்னவள் அப்படியே சுவரில் சாய்ந்தாள். "என்ன வரணும் அவர் வாயால?"

"கட்டினியா?"

"அக்கா..."

"மிஷினப் பாத்ததும் கட்டியிருப்ப. உன் கை சும்மா இருக்காதே."

அடுப்பில் எதுவும் இல்லை. இருந்தும் சின்னவள் போய் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"புத்தகம் வந்து மூணாம் மாசம். நீ ஷிப்டுக்குப் போயிருந்த. நல்ல மழை. மேஸ்திரி வந்தாரு. உள்ள வாங்கன்னேன், வரல. வாசல்ல நனைஞ்சுக்கிட்டே சொன்னாரு. அந்த முடிச்ச நான்தான் கத்தரிக்கோலால வெட்டினேன், இடக்கை முடிச்சு, அந்த லாண்டரியில இடக்கை ஒருத்திதான்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நானா? அடுப்புல பால் இருக்குன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன்."

சின்னவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? ஒரே தட்டுல சாப்பிட்டோமே. இருபத்தி நாலு வருஷம்!"

"கேட்டா நீ ஆமான்னு சொல்லிருவ. சொல்லிட்டா நான் எழுதணும். எழுதினா உன் வேலை போகும், ஊசியோட அண்ணன் வீடு தேடி வந்து நிப்பான். கேக்காத வரைக்கும் நான் ஒண்ணும் தெரியாதவ." பெரியவள் விரலால் மேஜையைத் தட்டினாள். "அந்த மனுஷனுக்கு என்னால செய்ய முடிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். படம் வராமப் பாத்துக்கிட்டேன். புத்தகம் படிச்சவங்களே அவரை அந்தப் பாடு படுத்தினாங்க, படம் வந்தா என்ன ஆகும்? இதுக்குப் போயி வைராக்கியம்னு ஊரு பூரா மால போடறாங்க. கேக்கக் கேக்க எனக்குக் குமட்டும்."

"அப்ப இதுக்கு மட்டும் எதுக்கு ஒத்துக்கிட்ட?"

"எனக்கு எழுபது ஆச்சு. நான் போயிட்டா நாளைக்கு உன்கிட்டதானே வந்து கேப்பாங்க. நீ என்ன சொல்லுவ? உன்னால வேணாம்னு சொல்ல முடியுமா, வேணும்னு சொல்ல முடியுமா? நான் இருக்கும்போதே ஏதாவது ஒரு வழி பிறக்கட்டும்னு பாத்தேன்." உரித்த முட்டையைத் தங்கையின் பக்கம் நகர்த்தினாள். குரல் இறங்கியது. "ஒண்ணு மட்டும் கேக்கணும்னு இருந்தேன். அந்த வரிய நகல் எடுத்தியே, உனக்குக் கை நடுங்கலையா?"

"நடுங்கிச்சு," என்றாள் சின்னவள். "மை கொட்டிருச்சு. அந்தத் தாள மட்டும் ரெண்டு தடவ எழுதினேன்."

பெரியவள் தலையை ஆட்டினாள். அதற்கு மேல் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. இரண்டு பேரும் முட்டையையும் ரொட்டியையும் சாப்பிட்டார்கள். கை கழுவும்போது பெரியவள் கேட்டாள்.

"நாளைக்குப் போறியா?"

"போகலன்னா அந்த நடிகர் தப்பாக் கட்டுவாரு."

"தப்பாக் கட்டினா உனக்கு நல்லதுதானே?"

சின்னவள் குழாயை மூடினாள்.

*

காலையில் கொட்டகையில் எல்லாம் தயாராக இருந்தது. விளக்குகள் போட்டிருந்தார்கள். ஊசியாக நடிக்கும் பெண் உருளைக்கு முன்னால் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி அதே நாற்காலியில் இருந்தார். இன்றைக்கு நல்ல சட்டை போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். அவர் தலையசைத்தார். சின்னவளும் தலையசைத்தாள்.

"கேமராவ ஓட விட்டே வெச்சிருக்கேன்மா," என்றாள் டைரக்டர் பெண், காதில் மாட்டியிருந்த ஹெட்போனைச் சரிசெய்தபடி. "நீங்க சொல்லிக் குடுக்கறதையும் எடுத்துக்கறேன், உபயோகப்படும்."

மிஷின் ஓட ஆரம்பித்தது. மீசை நடிகர் பக்கத்தில் வந்து குனிந்தார். சின்னவள் நாடாவை அவர் கையில் கொடுத்தாள்.

"அடியில கொக்கி இருக்கு பாருங்க. அதோட சேத்து ரெண்டு சுத்து."

"இப்படியாமா?"

"இன்னும் இறுக்கி. ம். இப்ப இடது கையால இழுக்கணும்."

நடிகர் கையை மாற்றிப் பார்த்தார். வரவில்லை. நாடா நழுவியது. மறுபடி முயன்றார், மறுபடியும் நழுவியது. தப்புச் செய்கிற குழந்தை மாதிரி அவளைப் பார்த்தார்.

"எனக்கு வலக்கைதான்மா பழக்கம். மேஸ்திரி என்ன, இடக்கைக்காரரா?"

சாதாரணக் கேள்விதான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவர் பழகிக்கொள்வார். சின்னவள் நிமிர்ந்தாள். மேஸ்திரி கையில் டீ கிளாஸ் இருந்தது. வலது கையில். அவர் அவளைப் பார்க்கவில்லை. மிஷினையும் பார்க்கவில்லை. எங்கோ கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டியதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், இனி யாரிடமும் கேட்பதில்லை என்று முடிவு செய்தவரின் முகம் அது. அந்த முகத்தை அவள் இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள்.

"இல்ல," என்றாள். "அவர் கட்டல."

"என்னம்மா?"

"மேஸ்திரி கட்டல. அன்னைக்கு நாடாவக் கட்டினது நான்."

நடிகர் கையிலிருந்த நாடாவைக் கீழே போடுவதா வைத்திருப்பதா என்று தெரியாமல் நின்றார். டைரக்டர் பெண் ஹெட்போனைக் கழற்றினாள். நிறுத்தச் சொல்லவும் அவளுக்குத் தோன்றவில்லை. கேமரா ஓடியது, உருளை ஓடியது.

மேஸ்திரி கிளாஸைத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி எழுந்தார். ஒவ்வொரு அடியாக நடந்து மிஷினுக்கு இந்தப் பக்கம் வந்து, அவளுக்கு எதிரே நின்றார்.

"என்ன சொன்ன?"

"நான் கட்டினேன், மேஸ்திரி."

"கேக்கல. மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

அவருக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது. சற்று முன்னால்கூட, பின்னால் நின்ற மேக்கப் பெண் ஏதோ முணுமுணுத்ததற்குத் திரும்பிப் பார்த்துச் சிரித்தவர்தான்.

சின்னவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். லாண்டரியில் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கூப்பிடுகிற குரலில், கொட்டகை அதிரச் சொன்னாள்.

"நான்தான் கட்டினேன்! நீங்க கட்டல!"

கொட்டகைக்கு வெளியே நின்றிருந்த டிரைவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். மேஸ்திரியாக இருந்த காலத்திலும் அவர் அப்படிக் கெஞ்சி யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

"இன்னொரு தடவ சொல்லும்மா," என்றார்.

அவள் மறுபடியும் சொன்னாள்.